ஐந்தரை மணிக் காப்பி

கதை எழுதுகிறவர்களைப் பற்றி நம் ஜனங்களிடையே சில திடமான அபிப்பிராயங்கள் நிலவி வருகின்றன. கதாசிரியர் என்றால் அவர் க்ஷவரம் செய்துகொள்ள மறந்தவராயிருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடக் கூடாது. வாங்கிய கடன் ஞாபகத்தில் இருக்கக் கூடாது. ஆற்றங்கரையிலோ மலைச் சரிவிலோ அவர் ஆகாயத்தை நோக்கி உட்கார்ந்திருக்கையில் கற்பனை ஊற்றுக் குபீரென்று கிளம்ப வேண்டும். கிளம்பினால் எழுதுவார்; கிளம்பாவிட்டால் பெருமூச்சு விடுவார். இரண்டும் இலக்கிய சேவையிலேயே சேர்த்தி.

இந்த அபிப்பிராயத்தினால் கதாசிரியர்களுக்கு விசேஷமான நஷ்டம் ஒன்றும் இல்லை. எழுத வேண்டுமென்று ஆசைப்பட்டும் எழுதாமலே காலத்தைக் கழித்துவிடுகிற மற்றவர்களுக்குத்தான் நஷ்டம். பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய எனக்கு அப்படிப்பட்டவர்கள் பலரைத் தெரியும். பழைய மாணவர் ஒருவரைக் கடைத்தெருவில் சந்தித்தால், க்ஷேம சமாசாரங்கள் முடிந்ததும், "எனக்கும் ஒரு நாவல் எழுத வேண்டுமென்று ஆசைதான், ஸார்! ஆனால் காலையில் கறிகாய், பத்து மணிக்கு ஆபீஸ், சாயங்காலம் குழந்தைகளின் வீட்டுப் பாடம். இதற்கு மத்தியில் கற்பனை எங்கே வரும்? ஓர் ஆறு மாதம் எங்கேயாவது தேச சஞ்சாரம் செய்துவிட்டு வந்தால் எழுதலாம்" என்று சொல்வார்.

அதாவது, அன்றாட வாழ்க்கை கற்பனைக்குச் சத்துரு. பிரயாணம் அதற்கு மித்திரன். இந்தச் சித்தாந்தம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்ப்பதற்காக, 47 நாவல்கள் எழுதிய ஒரு தபால் இலாகா உத்தியோகஸ்தரின் கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆண்டனி டிரோலப். 1815-ம் வருஷம் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் வக்கீல். கட்சிக்காரர்களைக் கோபித்துக்கொண்டு துரத்திவிடும் வக்கீலுக்குத் தொழில் எப்படி நடக்கும்? தொழில் போயிற்று. விவசாயம் செய்து பார்த்தார், அதுவும் போயிற்று. பிள்ளையாண்டான் ஹாரோ என்னும் பிரசித்தமான பள்ளிக்கூடத்தில் படித்தான். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் அந்த இடத்துக்கு, அவன் மட்டும் தினந்தோறும் சேற்றுப் பாதையில் நடந்து வருவான். சேறு படிந்த உடையுடன் வகுப்பில் உட்காருவான். சக மாணவர்களின் பரிகாசமும் உபாத்தியாயர்களின் கோபமும் அவனுக்கு நித்தியப்படி கிடைத்து வந்தன. அறுபது வயதில் சுயசரிதை எழுத உட்கார்ந்தபோதுகூட அந்தப் புண் ஆறியிருக்கவில்லை. என்னைப் போன்ற உபாத்தியாயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாத பையன் என்ன செய்வான்? டிரோலப் மனக்கோட்டை கட்டினான். ஆனால் அதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தான். ஒரே கதையை வாரக் கணக்காகவும் மாதக் கணக்காகவும், ஏன், வருஷக் கணக்காகவுங்கூட, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மனத்துக்குள்ளேயே நடத்திக்கொண்டு போவான். நடக்க முடியாத காரியம் எதுவும் அதில் வரக் கூடாது. தான் ராஜாவாகிவிட்டதாக நினைத்துக்கொள்ள மாட்டான். கொஞ்சம் கெட்டிக்காரனாகவும் பிறருக்கு வேண்டியவனாகவும் இருப்பதாக மட்டும் நினைத்துக்கொள்வான். இந்தக் கெட்ட பழக்கம் இல்லாவிட்டால் தாம் ஒரு நாவல்கூட எழுதியிருக்க முடியுமா என்று பிற்காலத்தில் அவரே சந்தேகப்பட்டார். மலை உச்சியும் ஆற்றங்கரையும் இதில் எங்கே வந்தன? இந்தக் கற்பனை வளர்ந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் சேற்றுப் பாதையில்தான்.

1834-ல், பத்தொன்பதாவது வயதில், லண்டன் தலைமைத் தபால் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் வருஷத்துக்கு 90 பவுன். அங்கே ஏழு வருஷ காலம் இருந்து அவர் சம்பாதித்தது, நேரங்கழித்து வருகிறவர் என்ற பெயரும் லேவாதேவிக்காரரின் தொந்தரவுந்தான். 1841-ல் அயர்லாந்தில் ஓர் உத்தியோகம் காலியாயிற்று. மற்றவர்கள் விரும்பாத அந்த இடத்துக்குத் தாமே மனுச் செய்துகொண்டார். விட்டது சனி என்று மேலதிகாரிகளும் சந்தோஷமாக அனுப்பி வைத்தார்கள்.

அங்கே அவருக்கு வேலை, ஊர் ஊராகப் போய்த் தபால் ஆபீஸ் கணக்குகளைச் சரிபார்ப்பதும் ஜனங்களின் புகார்களை விசாரிப்பதும். நம் பழைய மாணவர் விரும்புகிற தேச சஞ்சாரம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், இது கற்பனையைத் தேடிச் செய்த பிரயாணம் அல்ல. பிரயாணப்படி வாங்கிக்கொண்டு செய்த பிரயாணம். லெய்ட்ரிம் ஜில்லாவில் டிரம்ஸ்னா என்ற சிறு கிராமம். அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டருக்குப் பண விஷயத்தில் ஏதோ சிக்கல். அதை விசாரிக்கப் போன இடத்தில், ஒரு சிநேகிதருடன் உலாவக் கிளம்பியவர், இடிந்து பாழடைந்து கிடந்த ஒரு பெரிய வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் யார்? எப்படிக் கெட்டார்கள்? இந்த யோசனையிலிருந்து அவருடைய முதல் நாவல் உண்டாயிற்று. 1843-ல் தொடங்கிய புத்தகம் 1847-ல் வெளிவந்தது. அதை வாங்குவாரும் இல்லை, அதைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. அவரோ மறு நாவலை எழுதத் தொடங்கிவிட்டார்.

1851-ல் இங்கிலாந்தின் மேற்கு ஜில்லாக்களில் கிராமத் தபால்களைச் சீர்திருத்தும் பொறுப்பு வந்தது. எந்தத் தபால்காரர் எந்த வழியாக எத்தனை மைல் நடக்கிறார், எந்தப் பண்ணை வீட்டுக்கு இன்னும் தபால் போகவில்லை என்பவற்றை எல்லாம் குதிரையேறிச் சென்று தாமே பார்த்தார். ஒரு நாளைக்கு 40 மைல் சுற்றுவது அவருக்குச் சர்வ சாதாரணம். குடியானவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். பாதிரியார் வீட்டுக் கதவையும் தட்டுவார். "உங்களுக்குக் கடிதங்கள் எப்படி வந்து சேருகின்றன?" என்று கேட்பார். தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கும் வழக்கத்தைப் பிரான்ஸில் கண்டு, அதை ஜெர்ஸி தீவில் சோதனை செய்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. 1852-ல் அங்கே பெட்டிகள் வைக்கப்பட்டன. ஆகவே, நம் தெருமுனையில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற தபால் பெட்டிக்கும் டிரோலப்புக்கும் தூரத்து உறவு உண்டு.

அதே 1852-ல், இந்தச் சுற்றுப் பயணத்தின் நடுவில், ஸாலிஸ்பரி என்ற ஊரில் மாலை நேரத்தில் பெரிய மாதா கோயிலைச் சுற்றி உலாவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் 'தி வார்டன்' என்னும் நாவலின் கரு அவருக்குத் தோன்றியது. கதையில் கொலை இல்லை; களவு இல்லை; கள்ளக் காதலும் இல்லை. ஏழைக் கிழவர்கள் சிலர் இருக்கும் ஒரு தர்ம விடுதி. அதற்கு அதிகாரியான வயோதிகப் பாதிரியார் மகா நல்லவர். ஆனால் தர்ம சொத்திலிருந்து தமக்கு வருகிற பெரிய வருமானம் நியாயமானதுதானா என்ற கேள்வி எழுகிறது. கேள்வியைப் பிறர் எழுப்பினாலும், தூக்கம் போவது அவருக்குத்தான். இதுவே கதை. 1855-ல் பிரசுரமான இந்தப் புத்தகத்துக்காக அந்த வருஷ முடிவில் ஆசிரியருக்குக் கிடைத்த தொகை 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ். ஆனால் அவர் கற்பித்த பார்ஸெட் என்னும் ஜில்லா நிலைத்துவிட்டது. அதைக் களமாக வைத்து ஆறு நாவல்கள் எழுதினார்.

அந்த நாவல்களைப் படித்தவர்கள், இவர் பாதிரிமார்களுடன் பல காலம் நெருங்கிப் பழகியவராயிருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிறகு எப்படி எழுதினார்? என் அபிப்பிராயம் இது: தபால் வரவில்லை என்று ஒருவர் புகார் சொல்லும்போது அவருடைய குணம் முழுவதும் வெளிவந்துவிடும். யாருடைய கடிதத்தை எதிர்பார்க்கிறார், அயல் வீட்டுக்காரருக்கு முதலில் வருவதைப் பற்றி என்ன நினைக்கிறார், தபால்காரரை எப்படி அழைக்கிறார் என்பதை எல்லாம் கவனித்தால் போதும். ஆயிரம் வீட்டு வாசலில் நின்று இந்தப் புகாரைக் கேட்டவருக்குப் பாத்திரங்களைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இனி, எழுதிய விதத்துக்கு வருவோம். உத்தியோகத்தில் பாதி நேரம் ரயிலில் கழிந்தது. மற்றவர்கள் பத்திரிகை படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ போகையில், அவர் முழங்காலில் ஒரு சின்னப் பலகையை வைத்துக்கொண்டு பென்ஸிலால் எழுதினார். 1857-ல் வெளிவந்து அவருக்குப் புகழ் தந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' என்ற நாவலின் பெரும் பகுதி இப்படி ரயில் வண்டியில் எழுதப்பட்டதுதான். ரயிலின் ஆட்டத்தில் கிறுக்கியதை எல்லாம் வீட்டில் அவருடைய மனைவி ரோஸ் அம்மாள் மையால் நகல் எடுத்தார்.

1858-ல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது ஸூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற தபால் மூட்டைகள் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, தரை வழியாக ஸூயஸுக்குப் போய், மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். அவற்றை ரயிலில் கொண்டுபோவதற்கு எகிப்து அரசாங்கத்தாருடன் ஒப்பந்தம் பேசுவதே அவர் போன காரியம். அந்தப் பிரயாணத்தில் கடல் கொந்தளித்தது. எழுதிக்கொண்டே இருப்பார்; குமட்டல் வந்ததும் காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டு ஓடுவார்; திரும்பி வந்து விட்ட வாக்கியத்தைத் தொடர்வார். 'டாக்டர் தார்ன்' என்ற நாவலை எகிப்தில் ஒரு நாள் முடித்தார். மறுநாள் அடுத்த நாவலின் முதல் பக்கம்!

1859-ல் குடும்பத்துடன் லண்டனுக்கு அருகே வால்தம் கிராஸ் என்ற ஊரில் குடியேறினார். அங்கே அவர் அனுசரித்த நியமம் பிரசித்தமானது. காலை ஐந்தரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம், முந்தின நாள் எழுதியதை வாசித்துப் பார்ப்பது. பிறகு கைக்கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவது. எல்லோரும் காலை உணவுக்கு வருவதற்குள் அன்றைய இலக்கியம் முடிந்துவிடும். பிறகு சர்க்கார் வேலை. ஒரு குறிப்புப் புத்தகத்தில் தினம் எத்தனை பக்கம் எழுதினார் என்று பதிவு செய்து வைப்பார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். ஒரு தடவை 112 பக்கம் வரையில் ஏறியதாம். ஒரு வாரம் சோம்பியிருந்தால் அந்தக் காலியிடம் தம் கண்ணையே உறுத்தும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்தப் பகுதியை நிரப்புவதற்கு எனக்கு ஒரு வாரம் முழுவதும் பிடிக்கிறது என்பதை எண்ணும்போது, எனக்குப் பொறாமையாகக்கூட இல்லை, பயமாக இருக்கிறது.

33 வருஷ சேவைக்குப் பிறகு, 1867-ல் தபால் இலாகாவிலிருந்து விலகினார். நியமம் விலகவில்லை. 1871-ல் மகனைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது அறையில் ஒரு மேஜையைப் பொருத்தச் செய்தார். எட்டு வாரத்தில் கரை சேருவதற்குள் 'லேடி அன்னா' என்ற நாவல் முடிந்துவிட்டது. 1875-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் அவருடன் ஒரே கப்பலில் போன ஹென்றி ஜேம்ஸ் என்ற நாவலாசிரியர், புயல் அடித்தாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் அவருடைய பேனா ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து வியந்து பிற்பாடு எழுதினார்.

டிரோலப் 1882-ம் வருஷம் டிஸம்பர் மாதம் காலமானார். மறுவருஷம் சுயசரிதை வெளிவந்தது. கைக்கடியாரம், 250 வார்த்தைக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. புத்தகங்களால் வந்த வருமானத்தையும் புத்தகம் புத்தகமாக ஜாபிதா போட்டுக் கொடுத்திருந்தார்: மொத்தம் 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ். செருப்புத் தைக்கிற தொழிலாளி உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பதில்லையே, எழுத்தாளனுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை என்பது அவருடைய கட்சி. ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இப்படிக் கடியாரம் வைத்துக்கொண்டு எழுதியவையா இலக்கியம் என்று கேட்டார்கள். அவருடைய மதிப்புச் சில காலம் இறங்கித்தான் போயிற்று. ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தின்போது, இரவெல்லாம் குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில், ஜனங்கள் அவருடைய பார்ஸெட் கதைகளை மறுபடியும் தேடிப் படித்தார்கள்.

முகம் சுளித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடியாரம் வைத்துக்கொண்டு அவர் செய்தது எழுதுகிற காரியத்தை மட்டுந்தான். நினைக்கிற காரியம் நாள் முழுவதும் நடந்தது. குதிரையின் மேலும் ரயிலிலும் ஆபீஸ் நடையிலும் பாத்திரங்கள் அவர் கூடவே வந்தார்கள். ஒரு தடவை லண்டனில் கிளப் ஒன்றில், இரண்டு பாதிரிமார்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் கதைக்குக் கதை அதே பாத்திரங்களைக் கொண்டுவந்து நம் பிராணனை வாங்குகிறார் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். முக்கியமாக, பிஷப்பின் மனைவியாகிய ப்ரௌடி அம்மாள் மீது அவர்களுக்குக் கோபம். அருகில் இருந்த டிரோலப் எழுந்து, "நான்தான் அந்த மனிதர். வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாளைக் கொன்றுவிடுகிறேன்" என்று வாக்களித்தார்; அப்படியே செய்தும்விட்டார். ஆனால் பல வருஷங்களுக்குப் பிறகும் அந்த அம்மாளின் நினைவிலிருந்து அவரால் விடுபட முடியவில்லை. கால் மணிக் கணக்கில் செய்த பொம்மையைப் பிரிந்து யாராவது இப்படித் துக்கப்படுவார்களா?

ஆகவே, அன்றாட வாழ்க்கை கற்பனைக்குச் சத்துரு என்ற பாதிச் சித்தாந்தம் அடிபட்டுப் போகிறது. மற்றப் பாதி என்ன ஆயிற்று? பிரயாணம் எப்போதும் மித்திரன்தானா?

இங்கேதான் டிரோலப்பின் கதை நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அவரைப்போல் ஊர் சுற்றிய எழுத்தாளர் குறைவு. மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து என்று போகாத திசை இல்லை. 1875-ல் ஆஸ்திரேலியா போகும் வழியில் இலங்கையையும் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் போன இடமெல்லாம் கண் திறந்ததா?

அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் ஆரம்பித்தது. சுமார் 10 லட்சம் ஜனங்கள் பட்டினியாலும் வியாதியாலும் மாண்டார்கள். அப்போது டிரோலப் அந்த நாட்டுப் பாதைகளில்தான் குதிரையேறிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐரிஷ் ஜனங்களிடம் அவருக்குப் பிரியம் உண்டு. அப்படியிருந்தும், சர்க்கார் எடுத்த நடவடிக்கைகள் சரியே என்று வாதாடி 1849-லும் 1850-லும் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்தப் பஞ்சத்தில், 1847-ல் செய்த ஒரு சட்டத்தின்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர் அதை விட்டுக்கொடுத்தாலன்றி உதவி பெற முடியாது. கஞ்சியா, நிலமா என்ற கேள்வி! அந்த விதியைப் பார்லிமெண்டில் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி என்ற ஐரிஷ் நிலப்பிரபு. ஹாரோ பள்ளிக்கூடத்தில் சேறு படிந்த உடையுடன் வந்த பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர் இந்தக் கிரெகரி. அயர்லாந்தில் அவருடைய மாளிகையில் டிரோலப் விருந்தினராகத் தங்கியதும் உண்டு. 1875-ல் டிரோலப் இலங்கையில் இறங்கியபோது அங்கே கவர்னராக இருந்தவரும் இவரே.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே விஷயந்தான். அங்கே அடிமைத்தனம் ஒழிந்து இருபது வருஷம் ஆனபின் போனவர், விடுதலை பெற்ற கறுப்பு ஜனங்களைச் சோம்பேறிகள் என்று 1859-ல் வெளியான தம் பிரயாண நூலில் எழுதினார். தோட்டத் துரைமார்கள் தங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லுகிற வார்த்தை அது. ஒரு கிழப் பாதிரியாரின் மனச்சாட்சி எந்த இரவில் எத்தனை தடவை புரண்டு படுத்தது என்று அறிந்த எழுத்தாளருக்கு, கரும்பு வயலில் நின்றவனுடைய மனம் தெரியவில்லை.

இதற்குக் காரணம் அவருக்குத் திறமை குறைவு என்பதல்ல. எந்த வாசலில் நின்று புகாரைக் கேட்டாரோ, அந்த வீட்டார் அவருக்கு விளங்கினார்கள். எங்கே விருந்தினராக மாடியில் தங்கினாரோ, அங்கே மாடியிலிருந்து தெரிந்தது மட்டுமே தெரிந்தது. வெகுதூரம் போனதனால் மட்டும் ஒருவருக்கு அந்த ஊர் தெரிந்துவிடுவதில்லை. யாருடைய வீட்டில் தங்கினோம், யாரிடம் வழி கேட்டோம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து பிரயாணக் கட்டுரை எழுதும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். ஐந்தரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்தார் என்றோமே, அவரை எழுப்பியது யார்? ஒரு வயதான குதிரைக்காரர். இந்த வேலைக்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகப்படியாகக் கொடுத்துவந்தார். வால்தம் கிராஸில் இருந்த அத்தனை வருஷங்களிலும், அந்த மனிதர் காப்பி கொண்டுவருவதில் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லையாம். தம்முடைய வெற்றிக்கு வேறு எவரையும்விட இந்தக் குதிரைக்காரருக்கே அதிகம் கடமைப்பட்டிருப்பதாக டிரோலப் எழுதி வைத்திருக்கிறார். யஜமானர் ஐந்தரை மணிக்குக் காப்பி குடிக்க வேண்டுமானால், கிழவர் எத்தனை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. டிரோலப்பின் தாயார் பிரான்ஸெஸ் அம்மாள். புருஷனுடைய தொழில்கள் எல்லாம் நஷ்டத்தில் முடிந்தபின், அமெரிக்காவுக்குப் போய் ஒரு கடை வைத்துப் பார்த்தார், அதுவும் நஷ்டம். திரும்பி வந்து, அந்த நாட்டு ஜனங்களின் நடையுடை பாவனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1832-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அதுதான் முதல் புத்தகம்! 1834-ல் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பம் பெல்ஜியத்தில் புரூஜ் என்ற ஊருக்கு ஓடியது. அங்கே மகன் ஒருவன் க்ஷயரோகத்தில் படுத்தான். புருஷனும் படுத்தார். இருவருக்கும் பணிவிடை செய்துகொண்டே, இரவில் நோயாளிகள் கண்ணயரும் நேரத்தில், அந்த அம்மாள் நாவல் எழுதினார். மருந்துப் புட்டிகளும் மைக்கூடும் ஒரே வீட்டில் சரிசமமாக இடம்பெற்றிருந்தன. எழுதினால்தான் மருந்து வாங்கலாம். மருந்து கொடுத்தபின்தான் எழுதலாம். அந்த வருஷக் கடைசியில் மகன் போனான். மறுவருஷம் புருஷன் போனார். அதற்கு மறுவருஷம் ஒரு மகளும் போனாள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். ஆயுள் முடிவதற்குள் அவர் எழுதிய புத்தகங்களின் தொகுதிகள் நூற்றுக்கு மேற்பட்டன. விடியற்காலம் நாலு மணிக்கே அவர் மேஜைக்கு வந்துவிடுவது வழக்கம். வீட்டார் விழித்துக்கொள்வதற்குள் வேலையை முடித்துவிடுவார்.

பிள்ளையை எழுப்பக் குதிரைக்காரர் இருந்தார். நகல் எடுக்க மனைவி இருந்தார். தாயாரை எழுப்ப யார் இருந்தார்கள்? கடியார நியமம் தாமாகக் கண்டுபிடித்தது என்று டிரோலப் நினைத்திருந்தாலும், அதற்குப் பாடம் நாலு மணிக்கு எரிந்த அந்த மெழுகுவத்தியில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நேரம் இல்லை என்கிற பழைய மாணவருக்கு என் பதில் இதுதான். அரை மணி நேரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது சும்மா கிடைப்பதில்லை. யாராவது ஒருவர் மற்றொருவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நம் வீடுகளில் இதுவரையில் யாரிடமிருந்து யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று குடும்பத்தார் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். எழுதவோ, படிக்கவோ, பாடவோ ஆசைப்பட்டு அதை வாய்விட்டுச் சொல்லாதவர் சமையலறையிலேயே இருக்கக்கூடும். அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால், நாளைக் காலையில் ஐந்தரை மணிக் காப்பியை வீட்டுக்காரரே போட்டுக் கொடுக்கலாம். அது அப்படியொன்றும் கடினமான வித்தையல்ல. பால் பொங்குகிற சமயத்தில் மட்டும் நாவலைப் பற்றி யோசிக்கக் கூடாது.